பதினைந்தாவது ஜன்னல்

நகரின் நடுவில், நான்கு சாலைகள் வந்து முட்டும் இடத்தில் நிற்கிற பழைய தலைமைத் தபால் நிலையத்தைப் பதினோரு வருடம் சாரம் கட்டி மூடி வைத்திருந்தார்கள். பழுது பார்த்துத் திறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. உள்ளே ஒரு கண்காட்சி வைத்திருந்தார்கள். நூறு வருடம் முன்னால் அந்தக் கட்டடமும் சுற்றியிருந்த தெருக்களும் எப்படி இருந்தன என்று படங்கள், பெட்டிகள், முத்திரைகள், பழைய கடிதங்கள். ஊரில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். பார்த்துவிட்டு வந்தவர்கள் படங்களைப் பற்றிப் பேசவில்லை. நடுக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மாடலைப் பற்றித்தான் பேசினார்கள். அதைப் பார்க்கவே தனியாக ஒருமுறை போகலாம் என்றார்கள்.

அந்த மாடலைச் செய்தது அவருடைய மச்சினன். அவர் இன்னும் போய்ப் பார்க்காததற்கு அது ஒன்றுதான் காரணம்.

அவருக்கும் அதே தொழில்தான். அடுக்குமாடி கட்டுகிறவர்கள், வீட்டை விற்பதற்கு முன் முழுக் கட்டடத்தையும் சின்னதாகச் செய்து ஒரு மேஜை மேல் வைத்துக் காட்டுவார்கள். பஞ்சில் மரம், நீல அக்ரிலிக்கில் நீச்சல் குளம், நகத்தளவு மனிதர்கள். அந்த வேலை. தெருவில் அவருக்குப் பொம்மைவீட்டுக்காரர் என்று பெயர். யாராவது அப்படிக் கூப்பிட்டால் அவருக்குக் காதில் விழாது.

மச்சினனும் அவரும் ஒரே பட்டறையில்தான் தொடங்கினார்கள். ஒன்பது வருடம் சேர்ந்து வேலை பார்த்தார்கள். ஆறு வருடம் முன்பு மச்சினன் ஒரு பெரிய வெட்டும் இயந்திரம் வாங்கலாம் என்றான். அவர் ஒரு வருடம் பொறு என்றார். அவன் பொறுக்கவில்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தனியாகப் பட்டறை போட்டான். சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது ஒருநாள் சமாதானம் ஆகியிருக்கும். தபால் நிலையத்தின் மாடலுக்கு ஆள் தேடியபோது இரண்டு பேருமே கேட்டு எழுதினார்கள். அவருக்கு இரண்டு வரியில் நன்றி சொல்லிக் கடிதம் வந்தது.

அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் பதிவு கவுன்டரில் வேலை பார்த்தாள். தம்பி மாடலோடு நிற்கும் படம் செய்தித்தாளில் வந்ததும் வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் மச்சினன் அவரைப் பார்த்துச் சிரித்தான். மூன்றாம் நாள் அவர் தண்ணீர் வரி ரசீதை எடுத்து அந்தப் படத்தின் மேல் சொருகினார். மறுநாள் காலையில் ரசீது கீழேயும் படம் மேலேயும் இருந்தன.

"இந்த வாரமாவது போலாமா?" என்று மனைவி கேட்டாள்.

முதல் வாரம் கூட்டமாக இருக்கும் என்றார். இரண்டாவது வாரம் பல் வலித்தது. மூன்றாவது வாரம் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

"முட்டி பிடிச்சுக்கிச்சு. அவ்வளவு படி ஏற முடியாது."

பதின்மூன்று வயது மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். "வாரத்துக்கு ஒரு பார்ட்டா கழண்டுட்டு வருதுப்பா உங்களுக்கு. அடுத்த வாரம் என்ன?"

மனைவி சிரிக்கவில்லை. "அவன் போன்ல கேக்கறான், மாமா பாத்தாரான்னு. நான் எத்தனை தடவைதான் வேலை அதிகம்னு சொல்றது?"

"வேலை அதிகம்தானே."

"சரி."

அவளுடைய அந்த 'சரி' நல்ல சரி இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

வீட்டில் இப்படியென்றால் வெளியில் அதைவிட மோசம். வழக்கமாகப் பெயின்ட் வாங்கும் கடைக்காரர் திங்கட்கிழமை கேட்டார். "நடு ஊர்ல போஸ்டாபீஸ் மாடல் ஒண்ணு வச்சிருக்காங்களே, உங்க வேலையா?"

"இல்ல."

"அதானே பாத்தேன்" என்றார் கடைக்காரர், மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே. அவர் எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. அதுதான் இரண்டு நாள் தொண்டையில் முள்ளாக நின்றது.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர் பட்டறையைப் பூட்டினார். அதற்கு ஐந்து நிமிடம் முன்புவரை பூட்டப் போவது அவருக்கே தெரியாது. பசை காயும்வரை வேலை இல்லை, சும்மா ஒரு நடை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பேருந்தில் ஏறிய பிறகுதான், நடைக்கு யாரும் டிக்கெட் எடுப்பதில்லை என்பது உறைத்தது.

தபால் நிலைய வாசலில் நுழைவுச்சீட்டு கொடுத்த பெண் அவருடைய இடது மணிக்கட்டின் உள்பக்கம் வட்டமாக ஒரு முத்திரை குத்தினாள். பழைய தபால் முத்திரை போலவே இருந்தது. ஊதா மை. "இது இருந்தா வெளிய போயிட்டுத் திரும்ப வரலாம் சார்" என்றாள்.

நடுக்கூடத்தின் கூரை கண்ணாடி. வெளிச்சம் நேராக மாடலின் மேல் விழுந்தது. அவர் பக்கத்தில் போனார்.

முதலில் அவருக்குக் கோபம் வரவில்லை. ஒரு கணம் அதை யார் செய்தது என்பதே மறந்துவிட்டது. மூன்று மீட்டர் நீளத்துக்கு நான்கு தெருவும் இருந்தன. கும்மட்டத்தின் ஓடுகள் ஒவ்வொன்றும் தனித்தனி. ஒரு ஆள் ஏணி வைத்து விளக்குக் கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்தான். சாக்குமூட்டை வண்டியின் ஒரு சக்கரம் நடைபாதை மேல் ஏறிச் சாய்ந்திருந்தது. பெரிய படிக்கட்டில் ஒரு பெண், நகத்தளவே உயரம், உட்கார்ந்துகொண்டு பிரித்த கடிதத்தை மடியில் வைத்திருந்தாள். படிக்கவில்லை, படித்து முடித்திருந்தாள். அவ்வளவு சின்ன முதுகில் அது தெரிந்தது.

அப்புறம் யார் செய்தது என்பது ஞாபகம் வந்தது.

பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எவ்வளவு பொறுமை வேணும்" என்றாள் அந்த அம்மாள். பொறுமையா, அவனுக்கா, ஒரு வருஷம் பொறுக்காதவன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பெட்டியின் ஓரத்தில் சின்னப் பித்தளைப் பலகை ஒன்று இருந்தது. முதல் வரியில் மச்சினனின் பெயர். அதற்குக் கீழே அவர் படிக்கவில்லை.

கண்ணாடியை நெற்றி மேல் தூக்கி வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடத் தொடங்கினார். தவறு இல்லாத மாடல் கிடையாது. அது அவருக்குத் தெரியும், எத்தனையோ தவறுகளைச் செடி வைத்து மறைத்தவர் அவர். படிகளை எண்ணினார். தூண்களை எண்ணினார். புகைபோக்கிகள், கும்மட்டத்தின் விலா எலும்புகள், ஜன்னல்கள். எண்ணிக்கைகளை நுழைவுச்சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வெளியே போய்க் கட்டடத்தோடு ஒப்பிட்டார். படி சரி. தூண் சரி. முன்பக்கம் மேல்மாடியில் பதினான்கு ஜன்னல், சரி. திரும்ப உள்ளே வந்து இன்னும் எழுதிக்கொண்டு போனார். மூன்றாவது தடவை வாசலைத் தாண்டும்போது காவலாளி அவர் கையை மட்டுமல்ல, முகத்தையும் பார்த்தான்.

கட்டடத்தின் பின்பக்கம் ஒரு ஆள் மட்டும் நடக்கக்கூடிய சந்து. குப்பைத் தொட்டிகளும் குளிரூட்டிகள் சொட்டிய தண்ணீரும். அங்கே யாரும் போவதில்லை. அவர் போனார். எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு அண்ணாந்து எண்ணினார்.

பதினைந்து.

திரும்ப எண்ணினார், இடமிருந்து வலம், வலமிருந்து இடம். பதினைந்துதான். பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில், உள்ளே மாடிப்படி போகிற இடத்தில், மற்றவற்றில் பாதி அகலத்தில் ஒரு ஒல்லி ஜன்னல். மாடலில் பின்பக்கம் பதினான்கு. பாவி விட்டுவிட்டான்.

அந்த நாற்றமடிக்கும் சந்தில் அவர் எவ்வளவு நாளாக அனுபவிக்காத ஒரு சந்தோஷத்தை அனுபவித்தார். இந்தக் கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதற்கு முன்னால், வராமலே போன ஒரு வேலைக்காக, அவரும் மச்சினனும் மூன்று நாள் நாடா பிடித்து அளந்திருக்கிறார்கள். பிரியும்போது அந்த வரைபடத்தில் ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டார்கள். கையில் அளவு இருந்தும் படிக்கத் தெரியவில்லையே இவனுக்கு என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்பே வந்தது.

கண்காட்சியின் பொறுப்பாளர், குட்டையாக வெட்டிய நரைமுடியோடு ஒரு பெண்மணி, கூடத்தின் மூலையில் ஒரு மேஜையில் இருந்தார். அவரிடம் போய் நின்றார்.

"உங்க மாடல்ல பின்பக்கம் ஒரு ஜன்னல் கம்மி மேடம்."

பொறுப்பாளர் எழுந்து வந்து மாடலில் எண்ணினார். பிறகு சந்துக்கும் கூட வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு எண்ணினார். "ஆமா சார். யாருமே இந்தப் பக்கம் வர்றதில்ல. நல்லவேளை சொன்னீங்க. நீங்க எஞ்சினியரா?"

"இல்ல. சும்மா பாக்க வந்தேன்."

"உங்க பேரு?"

"பேரெல்லாம் எதுக்கு" என்று சொல்லிவிட்டு அவர் வேகமாக நடந்தார்.

அன்று இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தார். மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவருடைய மணிக்கட்டைப் பார்த்தாள்.

"அது என்ன கையில, ஊதாவா?"

"பெயின்ட்டு" என்றார், சட்டைக் கையை இறக்கிக்கொண்டே.

வியாழக்கிழமை பட்டறைக்கு வந்ததும் பரண் மேல் இருந்த பழைய வரைபடச் சுருளை இறக்கினார். தேவை எதுவும் இல்லை. பதினைந்து என்று தெளிவாகப் போட்டிருப்பதைக் கண்ணால் ஒருமுறை பார்க்கும் ஆசைதான். தூசியைத் தட்டி, நான்கு மூலையிலும் எடைக்குப் பசை டப்பாக்களை வைத்து விரித்தார். முன்பக்கம், மச்சினனின் கையெழுத்து. இரண்டு பக்கவாட்டுச் சுவர்கள், மச்சினனின் கையெழுத்து. பின்பக்கத்துக்கு ஒரு பெரிய வெற்றுப் பெட்டி. அதற்குள் நான்கே சொற்கள். 'பின்பக்கம் மேல்மாடி: முன்பக்கம் போலவே.' கீழே அவருடைய சுருக்கொப்பம்.

கையெழுத்து அவருடையது. 'ப'வுக்கு அடியில் ஒரு தேவையில்லாத வால் இழுப்பது அவர் ஒருவர்தான்.

அப்புறம் மெல்ல மெல்ல ஞாபகம் வந்தது. மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. சந்தில் கணுக்கால் வரை சாக்கடை. "பின்னாடி நான் பாத்துக்கறேன் மச்சான், நீ கிளம்பு" என்று இவர்தான் பெரிய மனிதராக அனுப்பிவைத்தார். அவன் போனதும் எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து அந்த நான்கு சொற்களை எழுதினார். சந்துக்குள் கால் வைக்கவே இல்லை.

அவர் சுருளை மறுபடி சுருட்டினார். அது சுருண்டுகொள்ளாமல் விரிந்துகொண்டே இருந்தது.

சாயங்காலம் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வராததுமாகப் பையை வைத்துவிட்டுச் சொன்னாள். "தம்பி மாடல்ல ஏதோ தப்பாம்."

"அப்படியா?"

"யாரோ ஒரு ஆளு போய் எண்ணிப் பாத்து ஜன்னல் கம்மின்னு சொல்லியிருக்கான். பேரைக் கேட்டா சொல்லாம ஓடிட்டானாம். மூணு மாசம் கண்ண அவிச்சுக்கிட்டு அந்தப் பையன் செஞ்சது. எல்லாரும் வாய் நிறையச் சொல்றாங்க. அதுல போய் ஜன்னல எண்ணிக்கிட்டு நிக்கறவன் எப்பேர்ப்பட்ட ஆளா இருப்பான்?"

"யாராவது சும்மா பாக்க வந்தவனா இருக்கும்."

"சும்மா பாக்க வந்தவன் குப்பைச் சந்துக்குள்ள போய் எண்ணுவானா? வயித்தெரிச்சல் பிடிச்சவன். வீட்ல பொண்டாட்டி பிள்ளை இல்லாதவனா இருப்பான்."

"இருக்கும்" என்றார் அவர்.

கழிவறைக்குப் போய்ச் சோப்புப் போட்டு மணிக்கட்டைத் தேய்த்தார். போகவில்லை. மறுநாள் பட்டறையில் அக்ரிலிக் துடைக்கும் திரவத்தைத் தொட்டுத் தேய்த்தார். தோல் சிவந்ததே தவிர, வட்டம் வட்டமாகவே இருந்தது.

அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் வெள்ளிக்கிழமை மச்சினன் பட்டறை வாசலில் வந்து நின்றான். ஆறு வருடத்தில் அவன் இந்த வாசலுக்கு வருவது இதுதான் முதல் தடவை.

"வா மச்சான். உக்காரு."

அவன் உட்காரவில்லை. சுற்றிலும் பார்த்தான். மூலையில் இருந்த வெட்டும் இயந்திரத்தின் மேல் அவன் பார்வை நின்றது. "மெஷின் வாங்கிட்டீங்க."

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"அக்கா சொல்லவேயில்ல." அவன் தொண்டையைச் செருமினான். "அந்தம்மா கூப்பிட்டாங்க மாமா. தப்பு சொன்ன ஆளு எப்படி இருந்தாருன்னு கேட்டேன். கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கிட்டு, எண்ணும்போது வாய் முணுமுணுத்துச்சுன்னாங்க. அதுக்கப்புறம் நான் யாரத் தேடறது?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. அவருக்குத்தான் தெம்பு இல்லை. மேஜைக்கு அடியிலிருந்து சுருளை எடுத்து விரித்தார். "இதப் பாரு."

"பாத்தேன். என்கிட்டயும் ஒண்ணு இருக்குல்ல." அவன் குனியக்கூட இல்லை. "வேலை எடுத்ததும் முன்பக்கத்தத் திரும்ப அளந்தேன். ரெண்டு சைடையும் அளந்தேன். அதெல்லாம் நான் அளந்தது, எனக்கே நம்பிக்கை இல்ல. பின்பக்கம் நீங்க அளந்தது. அத மட்டும் அளக்கல."

அவர் விரித்த சுருளை மறுபடி சுருட்டத் தொடங்கினார்.

"ஒரு மாசமா நீங்க வருவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன் மாமா. வந்திருக்கீங்க, எனக்குத் தெரியாம." குரல் கொஞ்சம் உயர்ந்தது, உடனே அவன் அதை இறக்கிக்கொண்டான். "பலகையப் படிச்சீங்களா?"

"ஒன் பேரப் பாத்தேன்."

"ரெண்டாவது வரி?"

"இல்ல."

"'அளவுகள்'னு போட்டு உங்க பேரும் என் பேரும் இருக்கு. உங்க பேருதான் முதல்ல."

தெருவில் ஏதோ ஒரு வண்டி பின்னால் எடுப்பதற்காக விடாமல் கீச்சிட்டது. இருவரும் அது நிற்கும்வரை காத்திருந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை காலைல ஒன்பது மணிக்குப் பெட்டியத் திறந்து தர்றாங்க. பின்சுவர மாத்தணும். அக்காவையும் பாப்பாவையும் வரச் சொல்லிட்டேன். கூட்டம் வர்றதுக்கு முன்னாடி நிம்மதியா பாக்கலாம். நீங்களும் வர்றதுன்னா வாங்க."

"நான்தான்னு அவகிட்ட சொல்லிட்டியா?"

"அது உங்க பாடு" என்றான் மச்சினன். "எனக்கெதுக்கு."

அவன் போன பிறகு அவர் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். அந்தக் கதவையும் சாத்திவிட்டுப் போயிருந்தான். கூடத்தின் நடுவில் நிற்கிற மாடலும் அவனுக்கு, செய்தித்தாளில் படமும் அவனுக்கு, கடைசியில் நல்லவனாக நடந்துகொள்ளும் வாய்ப்பும் அவனுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அவருக்கு அதுகூடப் பொறாமையாகத்தான் இருந்தது. அப்படி இருப்பது தெரிந்ததால் தன் மேல் எரிச்சலும் வந்தது.

சனிக்கிழமை முழுவதும் போவதா வேண்டாமா என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தார். போனால் பொறுப்பாளர் அடையாளம் கண்டுகொள்வார். போகாவிட்டால் மனைவி பலகையைப் படிப்பாள், பொறுப்பாளர் ஆளை வர்ணிப்பார், இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட அவளுக்கு அரை நிமிடம் போதும். சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை சமையலறை வாசல் வரைக்கும் போனார். மூன்று தடவையும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"நாளைக்கு எந்த பார்ட்டுப்பா?" என்று மகள் கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல. வர்றேன்."

மனைவி துணி மடிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அவள் முகம் அவ்வளவு மலர்ந்ததும் அவருக்குச் சொல்லவே முடியாமல் போனது.

ஞாயிறு காலை தபால் நிலையத்தில் அதே பெண்தான் இருந்தாள். மகளின் கையில் முத்திரை குத்தினாள். மனைவியின் கையில் குத்தினாள். அவர் வலது கையை நீட்டினார். மனைவி தன் மணிக்கட்டில் இருந்த ஊதா வட்டத்தைப் பார்த்தாள். பிறகு அவருடைய இடது கையைப் பிடித்துச் சட்டையை மேலே தள்ளிப் பார்த்தாள். நான்கு நாளில் பாதி மங்கியிருந்தது. எழுத்துகள் மட்டும் இன்னும் படிக்கிற மாதிரி இருந்தன.

"பெயின்ட்டு" என்றாள்.

கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

மச்சினன் கண்ணாடிப் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு முழங்காலிட்டு வேலை செய்துகொண்டிருந்தான். பழைய பின்சுவரை மெல்லிய கத்தியால் நெம்பி எடுத்தான். புதிய சுவர் துணியில் சுற்றி வைத்திருந்தது. அதில் பதினைந்து ஜன்னல். யாரும் கேட்காமலே அவர் கைவிளக்கை எடுத்துப் பிடித்தார். மகள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். மனைவி பித்தளைப் பலகைக்கு எதிரே நின்று, முதல் வரி, இரண்டாவது வரி எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தாள்.

பொறுப்பாளர் சாவிக்கொத்தோடு வந்தார். அவரைப் பார்த்ததும் நின்றார். "நீங்க அன்னைக்கு வந்தவர்தானே?"

"ஆமா மேடம்."

"இவர் எங்க மாமா... என் அக்கா வீட்டுக்காரர்" என்றான் மச்சினன், தலையைத் தூக்காமல். "அளவு எடுத்தது இவர்தான்."

பொறுப்பாளர் பலகையைப் பார்த்தார், மாடலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். முகம் இளகியது. "அப்ப உங்க தப்ப நீங்களே வந்து சொல்லியிருக்கீங்க. பேரக்கூடச் சொல்லாம." மனைவி பக்கம் திரும்பினார். "இந்த வேலைல அடுத்தவங்க தப்பச் சொல்றவங்கதான் தினமும் வருவாங்கம்மா. தன் தப்பத் தானே தேடி வந்து சொன்ன ஆள இப்பத்தான் பாக்கறேன். இத ஒரு சின்னக் குறிப்பா எழுதி மாடலுக்குப் பக்கத்துல வைக்கலாம்னு தோணுது."

மகள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அவர் அவளிடமிருந்து வாங்கிப் பல வருடம் ஆகியிருந்தது. சும்மா இருந்தால் போதும். அடக்கமாக ஒரு சிரிப்பு, அவ்வளவுதான், எல்லாம் அவருக்கு.

அப்போது அவர் கண் மச்சினன் மேல் விழுந்தது. இடுக்கியைப் பிடித்த கை அப்படியே நின்றிருந்தது. அவன் பொறுப்பாளரைப் பார்க்கவில்லை, மாடலையும் பார்க்கவில்லை. மூன்று மாதம் கண் அவிந்த வேலைக்குப் பக்கத்தில், ஒரு ஜன்னலை விட்டவனுக்கு ஒரு குறிப்பு. உதடுகளை உள்ளே இழுத்து, தாடையை இறுக்கி, ஒன்றுமில்லாததுபோல் வைத்துக்கொண்ட அந்த முகத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாதமாகத் தினமும் காலையில் சவரம் செய்யும்போது பார்க்கிற முகம்.

"அதெல்லாம் வேண்டாம் மேடம்" என்றார். "நான் என் தப்பச் சொல்ல வரல. இவன் தப்பு பண்ணியிருக்கானான்னு தேடத்தான் வந்தேன். நாலு தடவை வெளியயும் உள்ளயும் போய் எண்ணினேன். அது நான் பண்ணின தப்புன்னு மறுநாள்தான் தெரிஞ்சுது."

பொறுப்பாளருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கையிலிருந்த சாவிகளைப் பார்த்தார். "ஓ" என்றார். பத்து மணிக்குக் கதவு திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மகள் வேறு பக்கம் திரும்பிக் கடிதங்களைப் பார்க்கப் போனாள்.

"மாமா" என்றான் மச்சினன். "லைட்டக் கொஞ்சம் கீழ பிடிங்க."

அவர் கீழே பிடித்தார். சுவர் பொருந்தி உட்கார்ந்தது. ஜன்னல் கண்ணாடிகளில் பசையின் வெள்ளைப் படலம் கொஞ்சம்கூட இல்லை. அவர் செய்தால் எப்படியும் ஒரு ஓரத்தில் படிந்துவிடும். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டார். "எதுல ஒட்டின?"

"பசை இல்ல. கரைப்பான். ஊசி சிரிஞ்சுல ஒரு சொட்டு விட்டா அதுவே உள்ள இழுத்துக்கும்." அவன் ஒரு நிமிடம் தயங்கினான். "ஒரு பாட்டில் தர்றேன்."

"வேண்டாம். எங்க கிடைக்கும்னு மட்டும் சொல்லு."

திரும்பும்போது பேருந்தில் மனைவியும் மகளும் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். அவர் பின்னால் நின்றுகொண்டு வந்தார். அன்றும் மறுநாளும் மனைவி அவரிடம் நேராகப் பேசவில்லை. "உங்கப்பாவச் சாப்பிட வரச் சொல்லு" என்று அவர் எதிரிலேயே மகளிடம் சொன்னாள். மகளும், "அப்பா, உங்கள சாப்பிட வரச் சொன்னாங்க" என்று ஒரு அடி தூரத்துக்குத் தபால் கொண்டு வந்தாள். மூன்றாம் நாள் உப்பு எங்கே என்று அவர் கேட்டபோது, மறந்துபோய்ப் பதில் சொல்லிவிட்டாள். அப்புறம் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

மச்சினனும் அவரும் மறுபடி ஒன்றாகச் சேர்ந்துவிடவில்லை. அவன் பட்டறை அந்தப் பக்கம், இவர் பட்டறை இந்தப் பக்கம். மாதம் ஒருமுறையாவது அவன் வீட்டுக்கு வந்தான். வந்தால் இரண்டு பேரும் பசைகளைப் பற்றிப் பேசினார்கள். வேலை எவ்வளவு வந்திருக்கிறது என்பதை மட்டும் இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மனைவி ஆஸ்பத்திரித் தோழிகள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு கண்காட்சிக்குக் கிளம்பினாள். அவர் செருப்பைத் தேடுகிறவர்போல வாசலில் நின்றார்.

"நானும் வரட்டுமா?"

"உங்கள யாரு கூப்பிட்டா?" என்றாள். படி இறங்கிவிட்டுத் திரும்பினாள். "வர்றதுன்னா தனியா டிக்கெட் எடுத்துக்கிட்டு வாங்க. எங்க கூட நிக்காதீங்க."

அவர் தனியாக டிக்கெட் எடுத்துக்கொண்டு போனார். கூடத்தின் இந்தக் கோடியில் பழைய எடைத் தராசுகளைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டு காதைத் தீட்டிக்கொண்டார்.

"என் தம்பி செஞ்சது" என்று மனைவி தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அளவு எடுத்தது எங்க வீட்டுக்காரர். முக்கால்வாசி தம்பிதான், ஆனா அவரும்தான்."

தோழிகள் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். படிக்கட்டில் இருந்த பெண்ணைப் பார்த்து ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உன் தம்பிக்குக் கையா அது" என்றார்கள். அவர் எண்ணிக்கொண்டு நின்றார். அரை மணி நேரத்தில் தம்பி என்ற சொல் பதினோரு தடவை வந்தது. வீட்டுக்காரர், ஒரே தடவை.